மூக்குத்தி எந்தப் பக்கம்

ஸ்டிக்கர் கடையில் ஒன்பது வருடம் உட்கார்ந்தவளுக்கு இரண்டு வேலை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். ஒன்று வெல்ட், இன்னொன்று மிரர்.

என்னவென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு வசதியாக இருக்கும். வண்டியில் ஒட்டுகிற எழுத்தையும் படத்தையும் நான் கம்ப்யூட்டரில் கோடு கோடாக வரைந்து கொடுப்பேன். வினைல் ரோலில் மெஷின் அதை வெட்டும். ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கிற இரண்டு வடிவத்தை அப்படியே அனுப்பினால், மெஷினுக்கு ஏது புத்தி, இரண்டின் ஓரத்தையும் தனித்தனியாக வெட்டி வைத்துவிடும். ஒட்டும்போது மயிலின் கழுத்து மட்டும் கையோடு வரும். அதனால் ஒரே நிறத்தில் உள்ளதையெல்லாம் சேர்த்து ஒரே துண்டாக்கிவிட வேண்டும். அதுதான் வெல்ட். கண்ணாடிக்கு உள்பக்கமாக ஒட்டுகிற ஸ்டிக்கர் என்றால் இடத்தை வலமாக்கித் திருப்பி வெட்ட வேண்டும். அப்போதுதான் வெளியே நிற்பவர் கண்ணுக்கு நேராகத் தெரியும். அது மிரர். திண்டிவனத்தில் ஓடுகிற ஆட்டோக்களில் பாதிக்கு மேல் வேலும் சிலுவையும் பிறையும் நான் வெட்டியவைதான். அதற்காக ஆட்டோக்காரர்கள் என்னைப் பார்த்தால் கும்பிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். "ஓரம் பேந்துக்கினு வருது" என்று சண்டைக்குத்தான் வருவார்கள்.

குடியிருப்பது விழுப்புரத்தில், அக்கா வீட்டு மாடியில். காலையில் பஸ் ஏறினால் விக்கிரவாண்டி டோல்கேட் வரை ஒரு தூக்கம், மயிலம் கூட்டுரோட்டில் விழிப்பு, அப்புறம் திண்டிவனம். அக்கா கீழே முன்னறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறாள். ஜாக்கெட் தைப்பதில் எங்கள் பக்கத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவளுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வரவில்லை. மாமா கரும்பு லாரி ஓட்டுகிறார், பாதி நாள் ரோட்டில்தான். ஒரே மகள், ஒன்றாம் வகுப்பு.

பேச்சு வரவில்லை என்று எழுதிவிட்டேன், அக்கா படித்தால் உதைப்பாள். அவள் பேசுகிற பேச்சுக்கு நாங்கள்தான் ஈடுகொடுக்க முடியாமல் திணறுவோம். சிறப்புப் பள்ளியில் நாலைந்து வருடம் படித்த சைகையும், வீட்டில் நாங்களாகக் கண்டுபிடித்த சைகையும் கலந்து ஒரு மொழி வைத்திருக்கிறோம். உதட்டையும் படிப்பாள். நான் வாய்க்குள்ளேயே முணுமுணுத்தால்கூட, "இன்னா சொன்னே, திருப்பிச் சொல்லு" என்று கை வந்துவிடும். அக்காவின் கை சொல்வதை நான் எங்கள் ஊர்த் தமிழிலேயே எழுதுகிறேன். அந்தக் கைக்கு வேறு தமிழ் பொருந்தாது.

எங்கள் வீட்டில் யாருக்கும் பெயர் கிடையாது, ஆளுக்கொரு சைகை. சின்ன வயதில் நான் எப்போதும் கட்டைவிரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பேனாம். அதனால் நகத்தைக் கடித்தால் நான். முப்பத்தொரு வயதாகியும் பதவி உயர்வு இல்லை. மீசையை முறுக்கினால் மாமா. அக்கா மகள் பிறக்கும்போதே தலை நிறைய முடியோடு பிறந்தாள். உச்சந்தலையில் ஐந்து விரலையும் குவித்து வைத்து மேலே விரித்தால் அவள். அக்காவின் பெயரை வைத்தது அந்த மகள்தான். பால் குடிக்கிற வயதில் மடியில் கிடந்தபடி அம்மாவின் மூக்குத்தியைப் பிடித்துப் பிடித்து இழுப்பாள். பேச்சு வருவதற்கு முன்பே, வலது மூக்கில் ஆள்காட்டி விரலை வைத்தால் அம்மா என்று அவளாகவே முடிவு செய்துவிட்டாள். அக்காவும் தன்னுடைய பழைய சைகையைத் தூக்கிப் போட்டுவிட்டு இதையே வைத்துக்கொண்டாள்.

பள்ளியில் சேர்த்து இரண்டு மாதம் இருக்கும். கடைக்கு அன்று லீவு. அக்காவுடன் நானும் பள்ளி வாசலுக்குப் போனேன். பிள்ளை வெளியே வந்தது. வீட்டில் இரண்டு கையையும் காற்றாடி மாதிரி சுற்றுகிறவள், வாசலில் கையைப் பாவாடைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு நின்றாள். அக்கா என்னவோ கேட்டாள், இவள் தலையை மட்டும் ஆட்டினாள். பக்கத்தில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் அக்காவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று இவளைக் கேட்டாள்:

"இவங்கதான் உங்க பெரியம்மாவா? உங்க அம்மா சென்னையிலருந்து எப்ப வருவாங்க?"

"வருவாங்க," என்றாள் எங்கள் பிள்ளை, தரையைப் பார்த்துக்கொண்டு.

எனக்குச் சுரீரென்றது. திரும்பி அக்காவைப் பார்த்தேன். அவள் எதிரே வேர்க்கடலை வறுக்கிற மல்லாட்டை வண்டியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நல்லவேளை, கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மாடிப்படியில் பிள்ளையைப் பிடித்து நிறுத்தி, தொடையில் கிள்ளுவதற்கு விரலைக்கூடத் தயார் செய்துவிட்டேன். "ஏன்டி அப்படிச் சொன்னே?" என்றேன்.

"எல்லாரும் அம்மா மாதிரியே கைய ஆட்டி ஆட்டிக் காட்டிச் சிரிக்கிறாங்க சித்தி," என்று அழ ஆரம்பித்தாள். கிள்ள வந்த விரலை என்ன செய்வது என்று தெரியாமல் அவள் மூக்கைத் துடைத்துவிட்டேன். அக்காவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? சொந்த மகள் உன்னைச் சென்னைக்கு அனுப்பிவிட்டாள் என்று எந்தச் சைகையில் சொல்வது?

இது நடந்த கொஞ்ச நாளில்தான் அனிமேஷன் தம்பி கடைக்கு வந்தான். பாண்டிச்சேரியில் படித்துவிட்டு, திண்டிவனத்தில் ஒரு மெடிக்கல் கடைக்கு மேலே அறை எடுத்து, இரண்டு கம்ப்யூட்டரோடு தொழில் தொடங்கியிருந்தான். கதவில் ஒட்டுவதற்குப் பெயர் ஸ்டிக்கர் வேண்டும் என்று வந்தவன் என் ஸ்கிரீனில் இருந்த மயிலைப் பார்த்தான்.

"சிஸ்டர், இது நீங்களே போட்டதா, நெட்ல எடுத்ததா?"

"நெட்ல எடுத்தா எதுக்குத் தம்பி காலையிலருந்து முதுகு வலிக்கக் குந்திக்கினு கீறேன்?" என்றேன். கடைக்கு வருகிறவர்களிடம் மரியாதையாகப் பேச வேண்டும் என்று ஓனர் ஒன்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தம்பி கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு தொண்டு அமைப்புக்காக மூன்று நிமிடப் படம் ஒன்று செய்கிறானாம். கூட்டத்தில் காணாமல் போனால் என்ன செய்ய வேண்டும் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லும் படம். படங்களை வரைய ஆள் வேண்டும், நல்ல கதையும் இன்னும் அமையவில்லை என்றான். கதை என்றதும் என் வாய் சும்மா இருக்குமா? தினமும் கூட்டுரோட்டில் கண் விழிக்கும்போது ஞாபகம் வருவதைச் சொன்னேன்.

எனக்கு ஏழு வயது, அக்காவுக்குப் பதிமூன்று. மயிலம் மலைக்கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தோம். காவடிக் கூட்டத்தில் பலூன்காரன் பின்னாலேயே போய் நான் தொலைந்துவிட்டேன். சுற்றிலும் மேளம், பம்பை, போதாததற்கு மைக். எங்கள் அப்பா தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார், பக்கத்தில் நின்றவருக்கே கேட்டிருக்காது. அக்கா கத்தவில்லை. படிக்கட்டுப் பக்கம் ஒரு கல்மேடையில் ஏறி நின்று, கட்டைவிரலை வாயில் வைத்து நகத்தைக் கடித்துக் கடித்துக் காட்டிக்கொண்டே இருந்தாள். கீழே கடைசியில், யாரோ ஒருவர் தோளுக்கும் இன்னொருவர் தோளுக்கும் நடுவே, எனக்கு அது தெரிந்தது. நான்தான் அது. அந்த இடத்தில் எத்தனையோ பிள்ளைகளின் பெயரை எத்தனையோ பேர் கூவிக்கொண்டிருந்தார்கள், போய்ச் சேர்ந்தது என் பெயர் மட்டும்தான். கிட்டே போனதும் அக்கா ஒரு அறை விட்டாள். அதற்குச் சைகை தேவைப்படவில்லை.

தம்பி பில் பேப்பரின் பின்பக்கம் கல்மேடையையும் படிக்கட்டையும் கிறுக்கினான். பிறகு, "அக்காவ அம்மாவாக்கிடலாம் சிஸ்டர். அம்மாவும் பொண்ணும். இதான் படம்," என்றான்.

பஸ்ஸில் திரும்பும்போதே எனக்குள் கணக்கு ஓடியது. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துப் பள்ளிகளில்தான் படத்தைப் போடப் போகிறார்கள். எங்கள் பிள்ளையின் பள்ளியும் அதில் இருக்கலாம். கையை ஆட்டிச் சிரிக்கிற அந்த வாண்டுகள் இதைப் பார்த்தால் சிரிப்பு நிற்கலாம். அல்லது இன்னும் நன்றாக ஆட்டிக் காட்டக் கற்றுக்கொள்ளலாம். ஆனாலும் ஒப்புக்கொண்டேன்.

அக்காவிடம் கேட்டபோது துணி வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "நானா? ஹீரோயினா?" அப்புறம் ரொம்ப யோசித்து, "கொஞ்சம் ஒல்லியா போடு" என்றாள்.

ஓனரிடம் கெஞ்சி மாலையில் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பி, மாடியில் பழைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். வெக்டர் படம் என்றால் புள்ளிகளும் அவற்றைச் சேர்க்கிற வளைவுகளும்தான். ஒரு புள்ளியைப் பிடித்து இழுத்தால் கன்னம் உப்பும், இன்னொன்றைத் தள்ளினால் ஒட்டிப்போகும். எத்தனை பெரிதாக்கினாலும் உடையாது. அக்கா நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, "கன்னத்த இன்னும் கொஞ்சம் இறக்கு", "புடவை பார்டர் இவ்ளோ அகலமா யாரு கட்றாங்க?" என்று என் தோளில் தட்டித் தட்டிச் சொல்லுவாள். கேட்காத மாதிரி இருக்கவும் முடியாது, தட்டு அப்படி விழும்.

தோலுக்கு நான் வழக்கமாக எடுக்கிற நிறத்தை எடுத்தேன். திருமண ஸ்டிக்கர் பொண்ணு மாப்பிள்ளைக்கெல்லாம் அந்த ரோஸ் கலந்த வெளுப்புதான். அக்கா தன் முன்கையை ஸ்கிரீனோடு ஒட்டி வைத்து என்னைப் பார்த்தாள். நான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். கையும் ஸ்கிரீனும் ஒன்றான இடத்தில் போதும் என்று தலையசைத்தாள்.

பிள்ளை எட்டிப் பார்க்கும். "ஆட்டோ ஸ்டிக்கர்" என்பேன். "இந்த ஆட்டோ யாருது?" என்று கேட்டுவிட்டு விளையாட ஓடிவிடும்.

மூன்று வாரத்தில் அம்மா தயார். நேராக நிற்கிற அம்மா, திரும்பி நிற்கிற அம்மா, கையைத் தூக்குகிற அம்மா, மூக்கைத் தொடுகிற அம்மா என்று எல்லாம் தயார். என் வாழ்க்கையில் அவ்வளவு அழகாக எதையும் நான் வரைந்ததில்லை. அனுப்புவதற்கு முன் ஃபைலைச் சுத்தம் செய்வோம் என்று உட்கார்ந்தேன். சுத்தம் என்றால் என் விரலுக்குத் தெரிந்தது என்ன? ஒரே நிறத்தில் உள்ளதையெல்லாம் தேர்ந்தெடுத்தேன், வெல்ட் அடித்தேன். சேமித்தேன். மூடினேன். அனுப்பினேன். காபி போட்டுக் குடித்தேன்.

மறுநாள் மத்தியானம் தம்பி கடைக்கே வந்துவிட்டான். முகம் சரியில்லை. லேப்டாப்பைத் திறந்து வைத்தான்.

"சிஸ்டர், அம்மாவுக்குக் கை எங்க?"

பார்த்தேன். முகம், கழுத்து, தோள், முழங்கை, உள்ளங்கை, பத்து விரல் எல்லாம் ஒரே தோல் நிறம். எல்லாம் சேர்ந்து ஒரே துண்டாகிவிட்டன. நேராக நிற்கிற அம்மாவாவது பரவாயில்லை, கை அசையாது, அவ்வளவுதான். மூக்கைத் தொடுகிற அம்மாவுக்குக் கை முகத்துக்குள்ளேயே கரைந்துபோயிருந்தது. விரல் எங்கே முடிகிறது, கன்னம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. தாடையிலிருந்து முழங்கை வரை ஒரு பெரிய வீக்கம். மெஷினில் வெட்டியிருந்தால் அருமையாக ஒட்டியிருக்கும்.

"விரல் ஒவ்வொண்ணும் தனித்தனி லேயரா வேணும்னு சொன்னேனே சிஸ்டர். அப்பதான் அசைக்க முடியும். பழைய ஃபைல் இருக்குதா?"

இல்லை. அதன்மேல்தான் சேமித்தேன்.

அழுதேன். கடையில், ஒரு ஆட்டோக்காரர் நம்பர் பிளேட்டுக்காகக் காத்திருக்கும்போது அழுதேன். மூன்று வார வேலை போனதற்காக என்றால் திட்டிக்கொண்டே திரும்பச் செய்திருப்பேன். நான் அழுதது வேறொன்றுக்கு. கையால் மட்டுமே பேசுகிற ஒருத்தியை வரைந்து, என் கையாலேயே அவள் கையை எடுத்துவிட்டேன். பள்ளி வாசலில் பிள்ளை பாக்கெட்டுக்குள் ஒளித்ததும் அந்தப் பேச்சைத்தான். அந்த ஆட்டோக்காரர், "பரவால்ல சிஸ்டர், நாளைக்கே வாங்கிக்கிறேன்" என்று பயந்து போய்விட்டார்.

சாயங்காலம் அக்காவிடம் காட்டினேன். திட்டுவாள் என்று பார்த்தால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "பேச்சு நின்னுபோச்சா? உங்க மாமாகிட்ட காட்டு, சந்தோஷப்படுவாரு." சிரித்து முடித்துவிட்டு, ஏன் இப்படி ஆனது என்று கேட்டாள். சொன்னேன். கை தனியாக அசைய வேண்டும், ஆனால் அசையும்போது தோளில் இடைவெளி தெரியக் கூடாது, அதை எப்படி வரைவது என்று தம்பி பத்து முறை விளக்கியும் எனக்குப் பிடிபடவில்லை என்றும் சொன்னேன்.

அக்கா எழுந்து போய் வெட்டி வைத்த ஒரு ஜாக்கெட் துணியைக் கொண்டுவந்து என் கீபோர்டு மேலேயே போட்டாள். உடம்பு தனி, கை தனி. கையின் மேல் விளிம்பு நேராக இல்லை, தோளுக்குள் போவதற்காக உருண்டையாக ஏறியிருந்தது. "தையலுக்குன்னு அரை இஞ்ச் உள்ள விட்டுத்தானே வெட்டுவோம்? விடாம வெட்டினா கையைத் தூக்கினதும் பிரிஞ்சிடும்." அவ்வளவுதான். தோளுக்குள் போகிற பாகத்தை உருண்டையாக, கொஞ்சம் அதிகமாகவே வரைந்து, உடம்புக்கு அடியில் ஒளித்து வைக்க வேண்டும். முழங்கைக்கும் அப்படியே, விரல் கணுவுக்கும் அப்படியே. தம்பியிடம் சொன்னபோது, "இதைத்தானே சிஸ்டர் பத்து தடவையும் சொன்னேன்" என்று தலையில் கை வைத்துக்கொண்டான். அவன் சொன்னது எனக்குப் புரியவில்லை, ஜாக்கெட் கை புரிந்தது.

இந்த முறை அக்கா எனக்காக நின்றாள். ஒவ்வொரு சைகைக்கும் கையைப் பிடித்தபடியே நிற்பாள். நான் போட்டோ எடுத்து அதன்மேல் விரல் விரலாக வரைவேன். சுண்டுவிரலின் ஓரம் கொஞ்சம் கோணல், ஊசி குத்திய தழும்பு ஆள்காட்டி விரலில், அதையும் போட்டேன். முகத்துக்கு முன்னால் வருகிற கைக்கு நிறத்தில் ஒரு பங்கு கருமை கூட்டினால் தனியாகத் தெரியும் என்று நானே கண்டுபிடித்துக்கொண்டேன். வீட்டிலும் கடையிலும் வெல்ட் கீயின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி வைத்தேன். ஓனருக்கு அது ஏன் என்று இன்னும் தெரியாது.

பிறகு கூட்டம் வரைய வேண்டும். காவடி, பலூன்காரன், மேளம், படிக்கட்டு. ஆறு ஆளை வரைந்து, புடவை நிறத்தையும் சட்டையையும் மாற்றி மாற்றி அறுபது ஆளாக்கினேன். அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் உறவு இல்லை என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

முதல் இரண்டு நிமிடத்தை அசைத்துக் கொண்டுவந்தான் தம்பி. அக்காவுக்குப் போட்டுக் காட்டினோம். ஸ்கிரீனில் அந்த அம்மா கல்மேடையில் ஏறினாள். உச்சந்தலையில் ஐந்து விரலைக் குவித்து விரித்தாள். கீழே கூட்டத்தின் கடைசியில் ஒரு சின்னக் கை எழுந்து மூக்கைத் தொட்டது. அக்கா திருப்பிப் போடச் சொன்னாள். மறுபடியும் போடச் சொன்னாள். நான்காவது முறை போட்டபோது, "ஒல்லியா போடல" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே போய்விட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனதை நான் பார்த்தேன்.

மிச்சம் கடைசிக் காட்சி. இருவரும் ஒரு கையைக் கோத்துக்கொண்டு, மறு கையால் பேசிக்கொண்டே படி இறங்க வேண்டும். ஏறும்போது வலப்பக்கம் பார்த்து ஏறுகிறார்கள், இறங்கும்போது இடப்பக்கம் பார்க்க வேண்டும். பள்ளிகளில் போடுகிற தேதி திடீரென்று முன்னால் வந்துவிட்டது. இன்னும் மூன்று நாள். புதிதாக வரைய நேரமில்லை. "ஜல்தியா எதாவது பண்ணுங்க சிஸ்டர், பேஜாரா இருக்குது" என்று தம்பி போனில் புலம்பினான். நானிருக்கப் பயமேன்? ஏறுகிற படங்களையெல்லாம் எடுத்தேன், மிரர் அடித்தேன், அனுப்பினேன். இரண்டு நிமிட வேலை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பள்ளிகளின் பட்டியலையும் தம்பி அனுப்பியிருந்தான். மூன்றாவது வரியில் எங்கள் பிள்ளையின் பள்ளி.

படம் போடுகிற அன்று காலை பிள்ளை பள்ளிக்குக் கிளம்பும்போது அம்மாவிடம், "நீ உள்ள வராத, கேட்லயே நில்லு" என்று சைகை காட்டியது. வீட்டுக்குள் காட்டியதால் கை நன்றாகத்தான் அசைந்தது. அக்கா சரி என்றாள். படம் போடப் போவது பிள்ளைக்குத் தெரியாது.

சாயங்காலம் கடைசி வகுப்பு நேரத்தில் நானும் தம்பியும் போனோம். ஒன்றாம் வகுப்பில் முப்பது பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பிள்ளை இரண்டாவது வரிசை. என்னைப் பார்த்ததும் முகம் வெளிறியது. சித்தியைத் தெரியாத மாதிரி திரும்பிக்கொண்டது. நான் பின்சுவரில் சாய்ந்து நின்றேன்.

மிஸ் விளக்கை அணைத்தார். படம் ஓடியது. அம்மா பஸ்ஸில் மகளிடம் கையால் என்னவோ சொன்னதும், முன்வரிசையில் ஒரு பையன் கையைக் கோணல் மாணலாக ஆட்டிச் சிரித்தான். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். எங்கள் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. ஓடிப்போய்ப் படத்தை நிறுத்திவிடலாமா என்று இருந்தது எனக்கு.

கூட்டம் வந்தது. மேளச் சத்தத்தில் அப்பாமார்கள் வாயைத் திறந்து திறந்து மூடினார்கள், ஒன்றும் கேட்கவில்லை. படத்துப் பாப்பா தொலைந்தாள். வகுப்பு அமைதியானது. கோணல் கைப் பையன்கூட முட்டிபோட்டு எழுந்து பார்த்தான். அம்மா கல்மேடையில் ஏறிக் கையை விரித்தாள். பாப்பாவின் கை எழுந்து மூக்கைத் தொட்டது. "தோ, தோ, பாத்துட்டா!" என்று யாரோ கத்தினார்கள். எங்கள் பிள்ளை தலையை நிமிர்த்தியது.

பிறகு இருவரும் படி இறங்கினார்கள்.

"மிஸ்! தப்பு மிஸ்!"

எங்கள் பிள்ளைதான். எழுந்து நின்றிருந்தாள். நான் வரைந்ததைப் பார்த்து ஓனர்கூட அவ்வளவு கோபப்பட்டதில்லை.

"இன்னா தப்பு?" என்றார் மிஸ்.

"மூக்குத்தி மிஸ். அந்தப் பக்கம் போட்டுட்டாங்க. அம்மாவுக்கு இந்தப் பக்கம்தான். அம்மான்னா இப்டி," என்று வலது கையைப் பாக்கெட்டிலிருந்து உருவி, ஆள்காட்டி விரலை வலது மூக்கில் அழுத்தி, வகுப்பு முழுவதும் பார்க்கும்படி திரும்பிக் காட்டினாள்.

"எந்த அம்மாவுக்கு?"

"எங்க அம்மாவுக்கு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. விரல் மூக்கிலேயே இருந்தது. இரட்டைப் பின்னல் பெண் விடுவாளா? "உங்க அம்மா சென்னையிலன்னு சொன்னே?"

எங்கள் பிள்ளை ஸ்கிரீனைப் பார்த்தது, இரட்டைப் பின்னலைப் பார்த்தது.

"வந்துட்டாங்க," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

அதற்குள் வகுப்பு கலைந்துவிட்டது. "மிஸ், எங்க அம்மாவுக்கு ரெண்டு பக்கமும் மூக்குத்தி", "எங்க அம்மாவுக்கு இல்லவே இல்ல மிஸ், அடகுல இருக்குது", "மிஸ், எனக்கு எது பேரு?" என்று முப்பது குரல். கோணல் கைப் பையன் தன் உச்சந்தலையில் விரலை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். தம்பி என் பக்கம் சாய்ந்து கேட்டான், "சிஸ்டர், மிரர் அடிச்சீங்களா?"

"அடிச்சேன்," என்றேன். ஒரு தப்பை அவ்வளவு பெருமையாக நான் ஒப்புக்கொண்டதே இல்லை.

மணி அடித்தது. கேட்டில் அக்கா குடையோடு நின்றுகொண்டிருந்தாள். வெளியே வந்த பிள்ளைகள் ஒவ்வொன்றும் அவளைப் பார்த்ததும் மூக்கில் விரலை வைத்துவிட்டு ஓடின. ஒன்று, இரண்டு, பத்து, இருபது. சிலது வலது, சிலது இடது, ஒன்று இரண்டு ஓட்டையிலும். அக்கா என்னைப் பார்த்து, "இன்னாடி, எல்லாத்துக்கும் சளியா?" என்றாள்.

எங்கள் பிள்ளை வந்தது. கேட்டுக்கு நடுவே, எல்லோருக்கும் வழியை மறித்துக்கொண்டு நின்று, இரண்டு கையாலும் புகார் கொடுத்தது: "சித்தி உன் மூக்குத்தியை மாத்திப் போட்டுட்டா. நான் மிஸ்கிட்ட சொல்லிட்டேன்." சொல்லிவிட்டு, காசு கேட்டு வாங்கிக்கொண்டு மல்லாட்டை வண்டிக்கு ஓடியது.

அக்கா என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, யாருக்கும் தெரியாமல், மார்புக்கு நேராகக் கையைச் சின்னதாக வைத்துக்கொண்டு கேட்டாள்:

"அப்ப, நான் சென்னையிலருந்து வந்துட்டேனா?"

அன்றைக்கு அந்த இரட்டைப் பின்னல் பெண்தான் அக்காவுக்கு முதுகைக் காட்டி நின்றாள். கேள்வி கேட்ட உதட்டை அக்கா பார்க்கவில்லை என்றாலும், தரையைப் பார்த்துச் சொன்ன எங்கள் பிள்ளையின் உதடு அவள் பக்கம்தான் இருந்தது. பிறகு எத்தனை நாள் அந்த வாசலில் நின்று எத்தனை உதட்டைப் படித்தாளோ. எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். ஐந்து மாதமாக அவள் என்னிடம் சொல்லவில்லை, நான் அவளிடம் சொல்லவில்லை.

வந்துட்டே என்று தலையை ஆட்டினேன். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

"நல்ல பஸ்ஸுதான், போ," என்றாள் அக்கா. "சென்னையிலருந்து விழுப்புரம் வர்றதுக்கு அஞ்சு மாசம்." குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மகள் பின்னாலேயே மல்லாட்டை வாங்கப் போனாள்.